தினம் ஒரு ‘க்ளிக்’!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்குகிற மாப்பிள்ளைக்கு என்னென்ன மரியாதை நடக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் தலை தீபாவளி மாப்பிள்ளை! புதுச் சட்டை, புது மனைவி, புது சூட்கேஸ் சகிதம் இறங்குகிறேன். பிளாட்பாரத்தில் மாமனார் கையில் கேமராவோடு நிற்கிறார்.

சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். தலையைக் கோதிவிட்டு, உதட்டோரம் ஒரு மந்தகாசத்தை வரவழைத்து...

‘க்ளிக்!’

எனக்கில்லை. எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, அறுந்துபோன செருப்பு வாரை ஊக்கு மாட்டிச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு!

“வாங்க மாப்ள” என்றார் மாமா, கேமராவை உறைக்குள் போட்டபடி. “இன்னைக்குக் கோட்டா முடிஞ்சது. வீட்டுக்குப் போவமா?”

இது நடந்தது 2018ல். அந்த அவமானத்திலிருந்து நான் மீண்டு வரவே இரண்டு தீபாவளி ஆயிற்று. அப்புறம்தான் அந்தக் ‘கோட்டா’ என்னவென்று விசாரித்தேன்.

மாமா துறைமுகத்தில் குமாஸ்தா. 1974ஆம் வருடம் ஜூலை 11ஆம் தேதி தூத்துக்குடிப் புதுத் துறைமுகம் நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாகத் திறக்கப்பட்டதே, அந்த வருடமே வேலையில் சேர்ந்தவர். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்த 2011ல் ரிடையர் ஆனார். ஆக முப்பத்தேழு வருட சர்வீஸ். ரிடையர் ஆகிறவர்களுக்கு நம் ஊரில் என்ன கொடுப்பார்கள்? சுவர்க்கடிகாரம்! ‘நேரத்துக்கு வாய்யா, நேரத்துக்கு வாய்யா’ என்று ஆயுள் முழுக்கப் பிராணனை வாங்கிவிட்டு, இனிமேல் நேரமே தேவையில்லை என்கிற நாளில் கடிகாரத்தைக் கையில் கொடுப்பது என்ன நியாயமோ! நல்லவேளை, மாமாவின் செக்ஷனில் யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து, எல்லாரிடமும் வசூல் பண்ணி, சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேமரா முதல் ஒரு மாதம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. அந்த ஒரு மாதத்தைப் பற்றி என் மாமியாரிடம் கேட்க வேண்டும்.

“காலையில எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாக. எங்கன போறதுன்னு தெரியாது. திரும்ப உள்ள வந்து, அடுக்களையில டப்பாவ ஒண்ணொண்ணாத் தொறந்து பாப்பாக. ‘போன வாரந்தான் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குனோம், மிச்சம் எங்க?’ம்பாக. முப்பது வருஷமா நான் கணக்கில்லாம நடத்துன அடுக்களைக்கு ஆடிட்டிங்! நாந்தான் சொன்னேன், அந்த டப்பாவ மூடி வச்சிட்டு இந்த டப்பாவத் தூக்கிட்டு வெளிய போங்கன்னு.”

இப்படி விரட்டப்பட்டு ஆரம்பித்ததுதான். ஒரு நாளைக்கு ஒரு படம். ஒன்றே ஒன்று. இரண்டாவது கிடையாது. “கார்டு நிறைய இடம் இருக்கே மாமா, பத்து எடுத்து ஒண்ணைப் பொறுக்கலாமே” என்று கேட்டிருக்கிறேன். மாமா முப்பத்தாறு படம் எடுக்கும் ஃபிலிம் ரோல் காலத்து ஆசாமி. ஒரு பொங்கலுக்குப் போட்ட ரோலை அடுத்த பொங்கல் வரை வைத்திருந்து, கடைசி இரண்டு படத்தை வீணாக்க மனமில்லாமல் நாய்க்குட்டியை எடுத்து முடித்த தலைமுறை. “பத்து எடுத்தா ஒண்ணையும் பாக்க மாட்டோம் மாப்ள” என்பார்.

மாதம் பிறந்தால் ஸ்டுடியோவில் கொடுத்து எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுவிடுவார். ஒவ்வொன்றின் பின்னாலும் துறைமுக ரெஜிஸ்டரில் எழுதிப் பழகிய அதே குண்டுக் கையெழுத்தில் தேதி, நேரம், இடம், ஒரு வரி விவரம். ‘காலை 7.10. திரேஸ்புரம். ஊளி மீன் விலைக்காகச் சண்டை.’ ‘மாலை 5. பீச் ரோடு. தோணியில் வெங்காயம் ஏறுகிறது.’ ‘பகல் 11. நமது மொட்டை மாடி. வத்தல் காய்கிறது. காக்கா இல்லை.’ பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை சுத்தமான ‘டே-புக்’கை நான் பார்த்ததில்லை. 2011லிருந்து இன்று வரை ஐயாயிரத்துச் சொச்சம் பதிவுகள்!

போன முறை போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க அவர் கூடவே சுற்றுவது என்று தீர்மானித்தேன். நான் எந்த ஆபீஸுக்கும் போகாமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். இதை மாமாவுக்கு விளக்க நான் பட்ட பாடு! கடைசியில் அவராகவே புரிந்துகொண்டார்: “அப்ப நீங்களும் ரிடையர் ஆன மாதிரிதான?”

விடிகாலை மொபெட்டில் திரேஸ்புரம். நாட்டுப் படகுகள் கரை சேருகிற நேரம். மணலில் ஏலம். சீலா, பாறை, விளமீன், சாளை என்று குவியல் குவியலாகக் கிடக்க, ஏலம் விடுகிறவர் பேசுவது தமிழ்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அலுமினியச் சட்டியோடு சுற்றி நிற்கிற பெண்களுக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் புரிகிறது. அந்த நேரம் பார்த்து, கடலிலிருந்து சூரியன் தகதகவென்று மேலே வர, அதன் நடுவில் ஒரு வள்ளம் கறுப்பாக நகர...

“மாமா! எடுங்க, எடுங்க!”

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது காலண்டர்ல வரும் மாப்ள.”

இந்த இடத்தில் எனக்கு டென்ஷன் ஆரம்பித்துவிட்டது. டிசம்பர் மாதத்தில் கையில் ஒரே ஒரு கேஷுவல் லீவ் மட்டும் மிச்சம் வைத்திருக்கும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று போட்டால் நாளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அந்த நிலைமைதான் நாள் முழுக்க! மாமாவோ நிதானமாக டீ குடிக்கிறார். “அண்ணாச்சி, சௌக்கியமா?” என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் நின்று பேசுகிறார். கேமரா கழுத்தில் சும்மா தொங்குகிறது.

பீச் ரோடில் பழைய துறைமுகம். வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையிலிருந்துதான். இன்றைக்கும் மரத்தால் ஆன தோணிகள் இங்கே சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. ஒரு பெரிய கப்பல் பெட்டி பெட்டியாய் விழுங்கிப் போகிற சரக்கை, இங்கே ஆட்கள் மூட்டை மூட்டையாய் முதுகில் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். மாமா பார்த்தார். எடுக்கவில்லை. “இது நிறைய இருக்கு.”

பிறகு உப்பளம். மத்தியான வெயிலில் தூத்துக்குடி உப்பளத்துக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும், வெள்ளைக்கு இத்தனை கோபம் உண்டென்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. அதில் பெண்கள் வரிசையாக உப்பைச் சுமந்துகொண்டு போய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். நான் என் செல்போனில் ஒன்று எடுத்துப் பார்த்தேன். உப்பு சாம்பலாக விழுந்திருந்தது. ஆட்கள் கரிக்கட்டையாக விழுந்திருந்தார்கள்.

“கேமராவுக்கு வெள்ளைன்னா நம்பிக்கை கிடையாது மாப்ள” என்றார் மாமா. “முழு வெள்ளையக் காட்டுனா, ‘இவ்வளவு வெளிச்சமா இருக்காதே’ன்னு அதுவாக் குறைச்சிரும். நாம கொஞ்சம் ஏத்தி வைக்கணும். அப்பதான் உப்பு உப்பா இருக்கும், ஆளுக்கு முகம் தெரியும்.” இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு முழு சீசன் பிடித்ததாம். ஒரு சீசனுக்கு எத்தனை சாம்பல் உப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதானே!

கடைசியில் அன்றைய படம் எது தெரியுமா? உடைமரத்து நிழலில், அந்தப் பெண்கள் கொண்டு வந்து கிளை கிளையாக மாட்டியிருந்த தூக்குச்சட்டிகள். ‘க்ளிக்.’ அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் துறைமுக ரோடு. தூரத்தில் கிரேன்கள். “உள்ள ஒரு படம்கூட எடுத்ததில்லையா மாமா?” என்று கேட்டேன். துறைமுகத்துக்குள் படம் எடுக்கத் தடை. பாதுகாப்பு சமாசாரம், சரிதான். ஆனால் பாருங்கள், ஆயுளில் பாதியை எந்த இடத்தில் செலவழித்தாரோ அந்த இடத்தில் அவருக்கு ஒரு படம் இல்லை. மேஜை இல்லை, நாற்காலி இல்லை, மத்தியானம் சாப்பிட்ட இடம் இல்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரத்தில் ரோட்டில் நின்று, கேட்டுக்கு இந்தப் பக்கமாக ஒரு படம் எடுப்பாராம். அதில் ஹெல்மெட் மாட்டிய தலைகள்தான் தெரியும்.

“எங்கய்யாவுக்கும் இதே கதைதான்” என்றார் மாமா.

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். ரயிலுக்கே அந்தப் பெயர். ஆனால் இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அப்புறம் பார்களில் (கடலுக்கு அடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டுக்கு ‘பார்’ என்று பெயர்) குளிப்பு நடத்துகிற அளவுக்குச் சிப்பி தேறவில்லை. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே கரையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அது வேறு கதை.

மாமாவுக்கு 1961ல் பத்து வயது. அவருடைய அப்பா, முத்துக்குளிப்பு நடந்த கடற்கரையில் சுக்குக்காப்பிக் கடை போட்டவர். சிப்பியைத் திறக்காமல், அப்படியே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்களாம். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையாகவும் இருக்கலாம். ஏலம் எடுத்தவர் சிப்பியை அழுக விட்டு, ஈ மொய்க்க, ஊரே மூக்கைப் பிடிக்க, பிறகு கழுவிப் பார்த்தால்தான் தெரியும். (எங்கள் காலேஜில் ‘ஸ்பெகுலேஷன்’ என்று இரண்டு பீரியட் நடத்தினார்கள். இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் போதும்.) குளித்தவர்கள் தங்கள் பங்குச் சிப்பியைக் கரையிலேயே சில்லறையாக விற்பதும் உண்டு. மாமாவின் அப்பா ஒரு நாள் சபலப்பட்டு, மூன்று நாள் காப்பி விற்ற காசைப் போட்டு நூறு சிப்பி வாங்கிவிட்டார். கழுவிப் பார்த்தால், கடுகு சைஸில் இரண்டு! வீட்டில் ஆச்சி ஒரு வாரம் பேசவில்லையாம்.

மாமா இதைச் சொல்லும்போது அந்த மணல், அந்த நாற்றம், சுக்குக்காப்பிப் பானை எல்லாம் கண்ணில் தெரிகிறது. ஆனால் படம்? முத்துக்குளிப்பைப் படம் பிடித்து எழுதி வைத்தவர்கள் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஒரு வெள்ளைக்காரர், மதராஸ் அரசாங்கத்தின் முத்து - சங்கு குளிப்புக்கு அதிகாரியாக இங்கே தூத்துக்குடியில் இருந்தவர். சங்கைப் பற்றி மட்டுமே 1914ல் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். 1924ல் ரிடையர் ஆன பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. பசிபிக் கடல் வரை போய்த் தீவு தீவாகப் படகுகளை ஆராய்ந்து, இன்னொருவரோடு சேர்ந்து மூன்று தொகுதி எழுதினார். அதெல்லாம் அதிகாரி கண். சுக்குக்காப்பிக் கடையை யார் எடுப்பார்கள்?

“எங்கய்யாவுக்கு ஒரே ஒரு படந்தான் இருக்கு. நடுவீட்டுல மாட்டியிருக்கே, பாத்திருப்பீய” என்றார் மாமா. பார்த்திருக்கிறேன். மாலை போட்ட, கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி விழிக்கிற முகம். “அது அவுக செத்த பிறகு எடுத்தது. நாற்காலியில உக்கார வச்சு எடுத்தாங்க. கண்ணு மூடியிருந்துச்சு. ஸ்டுடியோவுல பிரஷ்ஷால கண்ணைத் தொறந்து வரைஞ்சு கொடுத்தாங்க.” மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார். “அது எங்கய்யா கண்ணு இல்ல மாப்ள. ஸ்டுடியோக்காரன் கண்ணு.”

நான் அதற்குப் பிறகு வீடு வரை பேசவில்லை.

தினம் ஒரு படம் என்பது உலகத்தில் மாமா மட்டும் கண்டுபிடித்த பைத்தியம் இல்லை. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர். எடுத்த கையோடு படம் வெளியே வந்து விழுமே, அந்தப் போலராய்டு கேமராவில் 1979 மார்ச் 31லிருந்து நாளைக்கு ஒன்று எடுத்தார். சாப்பாட்டுத் தட்டு, நண்பர்கள், தெரு எல்லாம். 1997 அக்டோபர் 25ல், தன்னுடைய 41வது பிறந்த நாளன்று, புற்றுநோயில் இறக்கும் வரை விடவில்லை. ஜப்பானில் கிமிகோ நிஷிமோட்டோ என்கிற பாட்டியம்மா 72 வயதில் போட்டோ கற்றுக்கொண்டு, தன்னையே குப்பைப் பைக்குள் கட்டிப் போட்ட மாதிரி எல்லாம் எடுத்து ஊரைச் சிரிக்க வைத்தார். இதை மாமியாரிடம் சொன்னேன். “இவுகளுக்கு அந்த யோசனையெல்லாம் சொல்லிக் குடுத்துறாதிய!” என்றார் பதறிப் போய்.

மாமா கணக்கில் ஒரு பிழை உண்டு. அவரே ஒப்புக்கொண்ட பிழை.

மார்க்கெட் பக்கம் அவர் வழக்கமாக டீ குடிக்கிற கடை. அந்த டீ மாஸ்டரை அவர் பத்து வருடத்தில் பதினோரு தடவை எடுத்திருக்கிறார். மனிதர் டீ ஆற்றினால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் கம்பி மாதிரி நிற்குமாம். 2021ல் அவர் காலமாகிவிட்டார். மறுநாள் அவருடைய மகன் வீடு தேடி வந்தான். “அண்ணாச்சி, அப்பா படம் உங்கள்ட்ட நிறைய இருக்குமாமே? அஞ்சலி போஸ்டருக்கு ஒண்ணு வேணும். ஆதார் கார்டுல இருக்கறது அப்பா மாதிரியே இல்ல.” (ஆதார் கார்டில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறோம்!)

மாமா உற்சாகமாக பீரோவைத் திறந்தார். தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாரே, அரை மணியில் பதினொன்றும் வந்துவிட்டது. பார்த்தால், பதினொன்றிலும் கை! ஆற்றுகிற கை, பாய்லர் மூடியைத் திறக்கிற கை, கண்ணாடி கிளாஸை நாலு விரலில் நாலாகக் கோத்த கை. ஒன்றே ஒன்றில் முகம் இருந்தது. அதையும் ஆவி மறைத்திருந்தது. பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “அப்பா கைதான்” என்றானாம். பதினொன்றையும் வாங்கிக்கொண்டு போனான். போஸ்டரில் ஆதார் படம்தான் வந்தது.

“அந்தப் பையன் ஒரு வார்த்தை குறை சொல்லல மாப்ள. சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்.”

அன்றிலிருந்து மாமாவின் சட்டம் மாறிவிட்டது. படத்தில் ஆள் இருந்தால் முகம் இருக்க வேண்டும். இரண்டு பிரிண்ட் போட வேண்டும், ஒன்று அந்த ஆளுக்கு. பின்னால் தேதியோடு. பென்ஷனில் கூடுதல் செலவு, மாமியாருக்குக் கூடுதல் முணுமுணுப்பு. ஆனால் அதில் ஒரு புதுச் சிக்கலும் முளைத்தது. படம் கிடைக்கிறது என்று தெரிந்ததும், அண்ணாச்சி தலை தெரிந்தாலே மீன்காரம்மா தலை சீவ ஆரம்பித்தார். லோடுமேன் சட்டையைத் தேடி ஓடினார். சலூன்காரர் பாதி ஷேவிங்கில் கஸ்டமரை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், கஸ்டமரும் நுரையோடு சிரிக்கிறார்! எல்லாரும் விறைப்பாக நின்றுவிட்டால் மாமாவுக்கு என்ன வேலை? அதனால்தான் அந்த ஓயாத டீ, அந்த ஓயாத பேச்சு. கேமராவை அவர்கள் மறக்கிற வரை மனிதர் கதை பேசுகிறார். முப்பத்தேழு வருடத்தில் ஆபீஸில் பேசாததை எல்லாம் பேசித் தீர்க்கிறார் என்று மாமியார் சொல்கிறார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டருக்கும் மேல். தூத்துக்குடியே குளமாகிவிட்டது. சென்னையிலிருந்து நாங்கள் போன் அடித்து அடித்து ஓய்ந்தோம். லைன் கிடைத்தபோது மாமியார் முதலில் சொன்னது, “மிக்ஸி போச்சு.” இரண்டாவதாகச் சொன்னது, “அவுக படம் போச்சு.”

பீரோவின் அடித்தட்டு முழுக்கத் தண்ணீர். 2011லிருந்து 2014 வரை அடுக்கியிருந்தது அங்கேதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் செங்கலாக வந்தன. ஊற வைத்துப் பிரித்ததில் பாதி தேறியது. சிலவற்றில் படம் போய்விட்டது, பின்னால் பால்பாயிண்ட் எழுத்து மட்டும் இருக்கிறது. வெறும் மஞ்சள் அட்டை, திருப்பினால் ‘காலை 6.40. ரோச் பூங்கா. சிறுவர்கள் புளியங்காய் அடிக்கிறார்கள்.’ மாமா அதையும் எறியவில்லை. துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் மாட்டி, ஒரு வாரம் வீடு முழுக்கத் தோரணம். அந்த வாரத்தில் ஒரு நாள் எடுத்த படம் அந்தக் கொடிதான். பின்னால் எழுதியிருக்கிறார்: ‘வெயில் வந்தது.’

ஊருக்குத் திரும்புகிற நாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மக்ரூன் டப்பாக்கள் கட்டியாகிவிட்டது. அது இல்லாமல் தூத்துக்குடியிலிருந்து திரும்புகிறவனை எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டார். சும்மா உட்கார்ந்து ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயாயிரம் படத்தில் ஒன்றில்கூட மாமா இல்லை!

“நான் எதுக்கு மாப்ள? எடுக்கது நாந்தான!” என்று சிரித்தார்.

“முகம் இருக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?” என்றேன். கொல்லைப்புறத்தில் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த மாமியார் கையைக் கழுவிவிட்டு வந்தார். கேமராவை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை; அவரே வாங்கிக்கொண்டார். மாமா அவசரமாகச் சட்டையைத் தேடினார். “சட்டையெல்லாம் வேண்டாம், எப்பவும் இருக்காப்பலயே இருங்க” என்றது மாமியாரின் குரல். மாமா கைலியும் பனியனுமாக, கையில் பேனாவோடு, மேஜை மேல் போன மாதத்துப் படங்களோடு நிமிர்ந்து பார்த்தார்.

‘க்ளிக்.’

“ஏட்டி, இன்னைக்குச் சாயந்தரம் சப்பரம் எடுக்கலாம்னு வச்சிருந்தேனே! கோட்டா முடிஞ்சு போச்சே!” என்று அலறினார் மாமா.

“முடிஞ்சுச்சுல்ல? அப்ப ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வாங்க” என்றார் மாமியார்.